பதினேழாம் நூற்றாண்டு மாசசூசெட்ஸ் ஊர் எழுத்தரின் முன்னோரைத் தேடுவது எப்படி?

மாசசூசெட்ஸின் வூபர்ன் (Woburn) ஊரின் தொடக்ககால எழுத்தரான எட்வர்ட் ஜான்சனின் குடும்ப வரலாற்றை எந்த ஆவணத்திலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதவி வகித்தவர் என்பதே உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. ஏனெனில், சாதாரணக் குடியானவரின் பெயர் இரண்டொரு இடங்களில் மட்டுமே பதிவாகியிருக்கும்போது, எழுத்தரின் பெயர் ஊர்க்கூட்டப் பதிவேடுகளிலும் நிலப் பத்திரங்களிலும் திரும்பத் திரும்ப வரும்.

இங்கிலாந்தின் கேன்டர்பரியில் 1598இல் பிறந்த ஜான்சன், 1630இல் மாசசூசெட்ஸுக்கு வந்து, பிறகு தாயகம் திரும்பி, மனைவி மக்களை அழைத்துக்கொண்டு மீண்டும் குடியேறினார். ஆகவே ஒரே கப்பல் பட்டியலில் குடும்பம் முழுவதையும் தேடக்கூடாது. 1672இல் அவர் இறந்தார். அமெரிக்கப் பதிவுகளில் முதலில் உயில், சொத்துப் பங்கீட்டு ஆவணங்களைப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர்களை ஒன்றாகக் காட்டுபவை பெரும்பாலும் அவைதாம். பெற்றோரை அறியக் கேன்டர்பரியின் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளே வழி.

இரண்டு இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும். 1752 வரை ஆங்கிலேயர் ஆட்சிப்பகுதிகளில் ஆண்டு மார்ச் 25ஆம் தேதியே தொடங்கியதால், பிப்ரவரியில் நடந்த நிகழ்ச்சி முந்தைய ஆண்டின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். மேலும், 'மூத்தவர்', 'இளையவர்' என்ற குறிப்புகள் தந்தையையும் மகனையும்தான் குறிக்கும் என்பதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடன் வாழ்ந்த, உறவே இல்லாத இருவரை வேறுபடுத்தவும் அவற்றை எழுதினார்கள். ஜான்சன் போன்ற பரவலான குடும்பப் பெயரில் இந்தத் தவறு மிக எளிதில் நேரும் என்பதால், மனைவியின் பெயரும் நில எல்லைகளும் பொருந்திய பிறகே ஒருவரை உங்கள் வம்சாவளியில் சேருங்கள்.