ஆட்டுவிக்கிறவர்

அன்புள்ள ஐயா,

பெண்கள் விளையாட்டு பற்றிய உங்கள் கட்டுரையில், அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பேட் சம்மிட் 1,098 ஆட்டங்களில் வென்றார் என்று ஒரு வரி வந்தது. கல்லூரி அணியில் ஆடும் என் மகள் அந்த வரியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, 'நானும் பயிற்சியாளராகப் போகிறேன்' என்கிறாள். 'ஆடுகிறவளுக்கே வழியில்லை, ஆட்டுவிக்கிறவளுக்கு யார் சோறு போடுவார்கள்?' என்கிறார் என் கணவர். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அம்மாள் எப்படித்தான் வாழ்ந்தார்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒரு வரியை மட்டும் நம்பி உங்கள் மகள் முடிவெடுக்க வேண்டாம். எண்ணை எழுதிவிட்டு ஆளை விட்டுவிட்டேன். அது என் தவறு.

சம்மிட் 1974-இல் டென்னசிக்கு வந்தபோது அவருக்கு வயது 22. முதுகலை படித்துக்கொண்டே உதவியாளராக இருக்கலாம் என்று வந்தவர். தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் போய்விட, மொத்த அணியும் அவர் தலையில் விழுந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். ஆட்டக்காரிகளில் சிலர் அவரைவிட ஒரு வயதுதான் சிறியவர்கள். சீருடைகள் முந்தைய ஆண்டு டோனட் விற்ற காசில் வாங்கியவை. அவற்றைத் துவைத்தது அவர்தான். வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டியதும் அவர்தான். விடுதிக்குக் காசில்லாமல் எதிரணியின் உள்ளரங்கிலேயே விரிப்புப் போட்டு எல்லோருமாகப் படுத்த இரவும் உண்டு. முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோற்றார்.

ஆகவே உங்கள் கணவர் கேட்பதை அன்று டென்னசியிலும் கேட்டிருக்கலாம். கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் வந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பான என்சிஏஏ, பெண்களுக்குக் கூடைப்பந்துச் சாம்பியன் போட்டி தொடங்கியதே 1982-இல். சம்மிட் அந்தக் கோப்பையை முதலில் தொட்டது 1987-இல், வேலையில் பதின்மூன்றாவது ஆட்டப் பருவத்தில். பிறகு ஏழு முறை. முதல் கோப்பைக்கு முன்பே, 1976 ஒலிம்பிக்கில் தானே ஆடி வெள்ளியும், 1984-இல் பயிற்சியாளராகத் தங்கமும் வந்தன.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய ஒரு விதி. அவருடைய பெண்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசைகளில்தான் உட்கார வேண்டும். மட்டம் போட்டால் ஆட்டத்தில் இடமில்லை. கல்லூரி அணியில் ஆட அனுமதியுள்ள காலம் முழுவதையும் டென்னசியில் ஆடி முடித்த அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். 38 பருவங்களில் ஒருத்திகூட விடுபடவில்லை. பால் மாடுகளும் புகையிலையும் வளர்த்த குடும்பத்திலிருந்து வந்தவர் சம்மிட். வைக்கோல் பரணில் அண்ணன்மாரோடு பந்தாடிப் பழகியவர். காலையில் மாட்டைக் கறக்காமல் விட முடியாது என்று அறிந்த வீட்டுப் பிள்ளை இந்த விதியைப் போட்டதில் எனக்கு வியப்பே இல்லை.

டமிகா கேட்சிங்ஸ் என்று ஓர் ஆட்டக்காரி. பிறவியிலேயே காது மந்தம். சிறுமியாக இருந்தபோது மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததால் காதுக்கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு, உதடு பார்த்தே காலம் தள்ளியவர். டென்னசியில் சம்மிட்தான் அவரிடம் பேசி, கருவியை மறுபடி அணியவும் பேச்சுப் பயிற்சிக்குப் போகவும் சம்மதிக்க வைத்தார். கேட்சிங்ஸ் பின்னாளில் நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் வென்றார். பந்து போடக் கற்றுக்கொடுக்க எத்தனையோ பேர் கிடைப்பார்கள். அந்தக் கருவியைப் பற்றிப் பேச ஒருவர் கிடைத்தாரே, அதுதான் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அவர் கடுமையானவரும்கூட. உழைப்புப் போதாத அணியை அதன் உடை மாற்றும் அறையிலிருந்தே வெளியேற்றியிருக்கிறார். அதை என்னால் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை. தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1990-இல் நிறைமாதக் கர்ப்பிணியாகப் பென்சில்வேனியாவுக்குப் பறந்து, ஒரு பள்ளி மாணவியைத் தன் அணிக்கு அழைக்க அவள் வீட்டுக்குப் போனார். பனிக்குடம் உடைந்துவிட்டது. அப்படியும் பேச வந்ததைப் பேசி முடித்தார். வழியில் வர்ஜீனியாவில் இறக்கட்டுமா என்று விமானிகள் கேட்டார்கள். அவர் சம்மதிக்கவில்லை, மகன் டென்னசியில்தான் பிறந்தான். அந்த மாணவி, மிஷெல் மார்சினியாக், முதலில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டுப் பிறகு டென்னசிக்கு மாறி, 1996-இல் கோப்பை வென்ற அணியில் ஆடினார்.

2011-இல், 59 வயதில், அவருக்கு நினைவாற்றலை அரிக்கும் அல்சைமர் நோய் என்று தெரிந்தது. மறைக்காமல் உலகுக்குச் சொன்னார். உதவிப் பயிற்சியாளர்கள் தோள் கொடுக்க, இன்னும் ஒரு பருவம் அணியோடு இருந்துவிட்டு 2012-இல் விலகினார். 2016 ஜூனில் காலமானார்.

சோற்றுக்கு என்ன வழி என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு இருக்கிறது; மகள் அதை விசாரிக்கட்டும். அதற்கு முன் அவளிடம் நீங்கள் ஒன்று கேளுங்கள். சாயங்காலம் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பந்துகளை எண்ணிப் பையில் போட்டுப் பூட்டுகிறவர் யார்? கணுக்கால் பிசகிய பெண்ணை பஸ் ஏற்றிவிட நிற்பவர் யார்? அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.