எல்சாட் வாசிப்புப் பகுதியில் தவறான விடைகளைக் கழிப்பது எப்படி?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கான எல்சாட் (LSAT) தேர்வின் வாசிப்புப் பகுதியில், ஐந்து விடைகளில் மூன்றைக் கழித்தபின் கடைசி இரண்டில் சிக்கிக்கொள்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் 35 நிமிடங்களுக்குள் நான்கு தொகுப்புகளை (பத்தியும் அதற்கான கேள்விகளும் சேர்ந்தது ஒரு தொகுப்பு) முடிக்க வேண்டியிருப்பதால், சரியான விடையைத் தேடுவதைவிட, ஒவ்வொரு விடையையும் கெடுக்கும் ஒற்றைச் சொல்லைத் தேடுவதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பத்தியில் "சில நீதிபதிகள் வழக்காற்றுச் சட்டத்தை ஏற்றனர்" என்றிருக்க, விடை "நீதிபதிகள் பொதுவாக ஏற்றனர்" என்று சொன்னால், மற்றச் சொற்களெல்லாம் பத்தியிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தாலும், அந்தப் "பொதுவாக" என்பதற்காகவே அதை அடித்துவிடுங்கள். ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பிறர் கருத்தை அவருடையதாகவே காட்டும் விடை இன்னும் ஆபத்தானது. படித்த ஞாபகம் இருப்பதால் கை தானாக அதன்மேல் போகும். எஞ்சிய இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிராமல், பத்தியின் உரிய வரிக்கே திரும்புங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், எதையும் காலியாக விடாதீர்கள்.