கொடுப்பனவு மீளாய்வுக்கு வருகிறார்கள்: எதை எடுத்து வைப்பது?

இலங்கையில் மாதம் 5,000 ரூபாவாக இருந்த மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு 2024இல் 7,500 ஆகி, 2025 ஏப்ரலில் 10,000 ரூபாவானது. அதைத் தொடர்ந்து கொடுப்பதா என்று உத்தியோகத்தர்கள் வந்து பார்ப்பதுதான் மீளாய்வு. ‘திரும்பவும் பார்க்க வருகிறார்களாம், என்ன செய்வது’ என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. பாரிசவாதம் வந்து மூன்று வருடம், இடது பக்கம் இழுத்துவிட்டது. கைத்தடியோடு வீட்டுக்குள் நடப்பா. மீளாய்வுக்கு வருவார்கள் என்று கிராம உத்தியோகத்தர் சொன்னார். நடப்பதைக் கண்டால் காசை வெட்டிவிடுவார்களோ?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா நடப்பதை மறைக்க வேண்டாம். ஆனால் ‘நடப்பாவா?’ என்ற கேள்விக்கு ‘ஓம், நடப்பா’ என்று சொல்லி நிறுத்திவிடவும் வேண்டாம். படிவத்தில் அது ஒரு சரி அடையாளமாக விழுந்துவிடும். பத்தடிக்கு ஒரு தரம் கதிரையைப் பிடித்து நிற்பது அந்த அடையாளத்துக்குள் தெரியாது.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். 14 நாளுக்கு, நாளுக்கு ஒரு பக்கம். எழும்புவது, கழிவறையும் குளிப்பும், உடுப்பு மாற்றுவது, சாப்பாடு, வெளியே போவது என்ற ஐந்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் உதவியது, எத்தனை நிமிடம், என்ன பிசகியது. இப்படி: ‘செவ்வாய். காலை 6.40. இரண்டாம் முயற்சியில்தான் எழும்பினா, மகள் இடப்பக்கம் நின்று தாங்கினாள். கழிவறை 12 அடி, போய்வர 9 நிமிடம். சட்டைப் பொத்தான் நாலையும் மகள்தான் போட்டாள். சோறு தானே சாப்பிட்டா, மீன் முள் எடுத்துக் கொடுத்தோம். படி இறங்கவில்லை.’ அழகான வசனம் தேவையில்லை, எண்கள் இருந்தால் போதும். இரண்டு கிழமை எழுதச் சொல்வதற்குக் காரணம், ஒரு நாளை மட்டும் எழுதினால் அது நல்ல நாளாகவோ மோசமான நாளாகவோ அமைந்துவிடும் என்பதுதான்.

உலகெங்கும் குடித்தொகைக் கணக்கெடுப்புகளில் பயன்படும் ‘வாஷிங்டன் குழு’ வினாக்கள் என்று ஒரு தொகுதி இருக்கிறது. பார்வை, கேட்டல், நடத்தல் அல்லது படியேறல், ஞாபகமும் கவனமும், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளல், பேசி விளங்கவைத்தல் என்று ஆறு விடயங்கள். விடை நான்கில் ஒன்று: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. உங்களிடம் வரும் படிவம் வேறாக இருக்கலாம், ஆனாலும் இந்த ஆறையும் வைத்து ஒத்திகை பாருங்கள். அந்த முறையில் ஏதாவது ஒன்றிலாவது ‘மிகுந்த சிரமம்’ இருந்தால்தான் இயலாமை என்று கணக்கில் எடுப்பார்கள். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘கொஞ்சம் கஷ்டம்தான் தம்பி’ என்பது நமக்கு மரியாதைப் பேச்சு, படிவத்தில் அதுவே இரண்டாம் படி.

வருகிறார்கள் என்றதும் வீட்டைக் கூட்டி, அம்மாவுக்குப் புதுச் சட்டை போட்டு, கொமோட்டை (கட்டிலருகே வைக்கும் கழிவிருக்கையை) கட்டிலுக்குக் கீழே தள்ளி, தேத்தண்ணி போடுவது நமது பழக்கம். தேத்தண்ணி இருக்கட்டும். கொமோட், கைத்தடி, சுவரில் அடித்த பிடி எல்லாம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதற்காக இருப்பதைவிடக் கூட்டிச் சொல்லவும் கூடாது. அவர்கள் அக்கம்பக்கத்திலும் விசாரிக்கலாம். அம்மா ஞாயிறு பூசைக்குப் போவதாக இருந்தால், ‘ஓட்டோவில் போவா, இரண்டு பேர் பிடித்து இறக்குவோம், அன்று பின்னேரம் முழுக்கப் படுக்கைதான்’ என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பிறர் வாயால் ‘கோயிலுக்குப் போறாவே’ என்று கேள்விப்பட்டால் மற்ற உண்மைகளும் சந்தேகமாகிவிடும்.

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு. யார் கேட்டாலும் ‘எனக்கு ஒன்றுமில்லை, நல்ல சுகம்’ என்பான். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லப்போகிறான்.
வாசகர், வெள்ளவத்தை

பதில்: சொல்லட்டும், அவர் முன்னால் மறுத்துப் பேசாதீர்கள். நேரத்தோடு உத்தியோகத்தரிடம் சொல்லிவைத்து, தனியே பத்து நிமிடம் கேளுங்கள்.

கை கால் சுகமாக இருப்பவரிடம் உத்தியோகத்தரின் கண்ணுக்கு ஒன்றும் படாது. ஆகவே ‘சொல்லாவிட்டால் செய்யமாட்டார்’ என்ற வகையில் கணக்கெடுங்கள்: குளிக்க எத்தனை தரம் நினைவூட்ட வேண்டும், குளிசையைக் கையில் கொடுத்து விழுங்கும்வரை நிற்க வேண்டுமா, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து போகிறாரா, 155 பஸ்ஸில் தனியே ஏற்றி அனுப்ப முடியுமா, கையில் 1,000 ரூபா கொடுத்தால் மிச்சத்தோடு வருவாரா. ஒரு வேலையை நாமே செய்து கொடுப்பது மட்டுமல்ல, பக்கத்தில் நின்று சொல்லிச் செய்விப்பதும் உதவிதான். மாதாந்த ஊசி போடுகிறவரென்றால் கிளினிக் கொப்பியில் திகதிகள் இருக்கும். தவறிய ஊசியையும், அதற்குப் பிறகு வார்ட்டில் வைத்திருந்தால் அந்த நாட்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்.

இன்னொரு பொறி வைத்தியரின் கடிதத்திலேயே இருக்கிறது. ‘மருந்தில் நிலை சீராக உள்ளது’ என்று மட்டும் எழுதினால், மருத்துவம் தெரியாதவர் ‘சுகமாகிவிட்டது’ என்று வாசிப்பார். மருந்து நின்றால் என்ன நடக்கும், மருந்தோடும் எதைத் தனியே செய்ய இயலாது என்ற இரண்டு வரிகளைச் சேர்த்துத் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: என்னென்ன ஆவணம் வேண்டும்? கிளினிக்கில் கடிதம் கேட்டால் நோயின் பெயரை மட்டும் ஒரு வரியில் எழுதித் தருகிறார்கள்.
வாசகி, மட்டக்குளி

பதில்: ஒரு காலையில் கூட்டம் கூட்டமாக நோயாளர்களைப் பார்க்கிற வைத்தியரிடம் வெறும் வாயால் கேட்டால் ஒரு வரிதான் வரும். அரைப் பக்கத்தில் நீங்கள் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, என்ன சிகிச்சை, எந்தெந்த வேலைக்கு ஆள் வேண்டும். அதைப் பார்த்து எழுதுவது அவருக்கும் சுலபம். கடிதத்தில் நோயின் பெயர், தொடங்கிய வருடம், நிரந்தரமா தற்காலிகமா, எதைச் செய்ய இயலாது, திகதி, கையெழுத்து, பதவி முத்திரை, இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கம் எல்லாம் இருக்க வேண்டும். முத்திரையில்லாத கடிதத்தால் இன்னொரு கிளினிக் நாள் வீணாகும். கண் என்றால் கண்ணாடி போட்ட பிறகும் உள்ள பார்வை அளவை, 6/60 அல்லது 3/60 என்பதுபோல, இரு கண்ணுக்கும் தனித்தனியே எழுதுவியுங்கள். காது என்றால் கேட்டல் பரிசோதனை வரைபடத்தின் பிரதி.

மற்றவை: அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதி, வங்கிக் கொப்பியின் முதற்பக்கம், டயக்னோசிஸ் கார்ட்டுகள் (வார்ட்டிலிருந்து வீடு அனுப்பும்போது தரும் நோய் விவர அட்டைகள்), கிளினிக் கொப்பியின் கடைசி ஆறு மாதம், அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவித் திட்டம்) விண்ணப்ப இலக்கம், முன்பு வந்த கடிதங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோக் கொப்பி எடுங்கள். மூலப் பிரதியைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிடாதீர்கள். கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், தவணை நாள் வரை காத்திராமல் வைத்தியசாலைப் பதிவேட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

பெயரும் இலக்கமும் பொருந்தாததால் கோப்பு தூங்குவது உண்டு. பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். புதியதில் 12 இலக்கம்: முன்னால் 19 சேரும், பழைய ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேரும், எழுத்து போய்விடும். புது அட்டை எடுத்தவர்கள் எந்தப் படிவத்திலும் இரண்டு இலக்கத்தையும் எழுதுங்கள். வங்கியில் தந்தை பெயர் முதலெழுத்தாகவும் அட்டையில் முழுதாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கி அதனோடு இணைத்துவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறவியிலேயே உள்ளது, மாறப்போவதில்லை. அப்படியிருக்க ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்? படிவமும் சிங்களத்தில் தந்தார்கள்.
வாசகி, திம்பிரிகஸ்யாய

பதில்: எரிச்சல் நியாயமானதே. ஆனால் இது வருமானம் குறைந்தவர்களுக்கான கொடுப்பனவு, ஆகவே மகளின் நிலை மாறாவிட்டாலும் வீட்டு நிலை மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அஸ்வெசும மதிப்பீடே கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறையும் சேர்த்துத்தான். வீட்டில் ஒருவர் வெளிநாடு போயிருந்தாலோ, வேலை இழந்திருந்தாலோ திகதியோடு சொல்லுங்கள். வைத்தியர் கடிதத்தில் ‘நிரந்தரமானது, மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை’ என்ற வரியை எழுதுவித்து வைத்தால் மருத்துவப் பகுதி சீக்கிரம் முடியும்.

மொழி விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கொழும்பு, திம்பிரிகஸ்யாய ஆகிய இரண்டும் இருமொழி நிர்வாகத்துக்கென அறிவிக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகள். தமிழ்ப் படிவம் கேளுங்கள், இல்லையென்றால் அரச கரும மொழிகளுக்கான 1956 இலக்கத்துக்கு அழையுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத தாளில், வரி வரியாக ஒருவர் வாசித்து விளக்காமல், கையெழுத்து வைக்காதீர்கள். நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்கும் ஆட்களையும் தவிருங்கள். ‘எல்லாத்துக்கும் இயலாது எண்டு போட்டுவிடுறன்’ என்று அவர்கள் எழுதும் பொய்க்கு நீங்கள்தான் பொறுப்பு.

கேள்வி: பார்த்துவிட்டுப் போய் இரண்டு மாதம். காசு வரவில்லை, கடிதமும் இல்லை. அலுவலகத்தில் ‘சிஸ்டத்தில் வரும்’ என்கிறார்கள்.
வாசகர், கொலன்னாவ

பதில்: முதலில் வங்கிக் கொப்பியை அச்சிடுங்கள். சில நேரம் காசு வந்திருக்கும், பலகாலம் கொடுக்கல் வாங்கல் இல்லாததால் கணக்கு முடங்கியிருக்கும். வங்கியில் பிழையில்லை என்றால் அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்துக்கு அழைத்து, நிறுத்தப்பட்டதா, தாமதமா என்று கேளுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவர் சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பேச்சில் அலையாமல் அடுத்ததாகப் பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம்: பெயர், இரு அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் காசு வந்த மாதம், பார்க்க வந்த திகதி, ‘நிறுத்தியிருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும், மேன்முறையீட்டுக் கடைசித் திகதியையும் குறிப்பிடவும்’ என்ற வேண்டுகோள். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதி, உங்கள் மீளாய்வு அறிக்கையின் பிரதியைக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், மேன்முறையீட்டைக் கேட்பதற்கென நியமிக்கப்பட்ட ‘குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்’ 14 நாட்களுக்குள் முறையிடலாம்.

அறிக்கை கையில் வந்ததும் உங்கள் கொப்பியைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ‘தனியே நடப்பார்’ என்று அவர்கள் எழுதியிருக்கும் வரிக்கு எதிரே உங்களது ஒன்பது நிமிடமும் பன்னிரண்டு அடியும் இருந்தால், மேன்முறையீட்டில் அதையே எழுதுங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை அந்தக் கொப்பியிலேயே ஒட்டிவையுங்கள்.