ஹெரால்டுக்கு நைலானா, ரேடியலா?

கேள்வி: அப்பாவின் 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு இன்ஜின் வேலை, பெயின்ட் எல்லாம் முடிந்தது, டயர்தான் பாக்கி. ஒரிஜினல் 5.20-13 நைலான் டயரே போடச் சொல்கிறார் மெக்கானிக். நண்பர்கள் ரேடியல் என்கிறார்கள். எதைப் போட?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: வருஷத்துக்கு ஒரு தடவை கண்காட்சிக்கு மட்டும் என்றால் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள், அந்த ஒல்லி டயரில்தான் ஹெரால்டுக்கு அழகு. குடும்பத்தோடு ஓட்டப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரேடியல்தான்.

கடையில் நைலான் என்று சொல்லும் பயாஸ் டயரில் நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று குறுக்காகப் படிந்திருக்கும். ஓடும்போது அவை உரசிச் சூடாகும், பக்கச் சுவர் வளைந்தால் ரோட்டில் படும் பகுதியும் சேர்ந்து நெளியும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் டொக் டொக் என்று வருமே, அதுவும் நைலான் வேலைதான். ரேடியலில் நூல் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு நேராகப் போகிறது, அதன்மேல் தனியாக ஒரு பெல்ட். சுவர் பிதுங்கினாலும் அடிப்பாகம் ரோட்டில் தட்டையாக உட்காரும். மழையில் பிரேக் போட்டுப் பாருங்கள், தெரியும். ஒரே குறை, பார்க்கிங்கில் திருப்பும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும்.

ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். கையில் காசு இல்லாமல் ஒரு சமயம் முன்னால் இரண்டு மட்டும் ரேடியல் போட்டு, பின்னால் பழைய நைலானையே விட்டுவைத்தேன். தூறலில் ஒரு வளைவு, மூக்கு சொன்னபடி திரும்பியது, வால் மட்டும் தனி வழியில் போய் வண்டி குறுக்கே நின்றது. எதிரே லாரி வரவில்லை, அவ்வளவுதான். ஹெரால்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், பின்னால் இருப்பது ஸ்விங் ஆக்சில் (இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அச்சு), வளைவில் பின்பக்கம் தூக்கினால் சக்கரம் உள்பக்கமாக மடங்கும் (பிற்பாடு வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் அதைத் தூக்கிவிட்டுச் சாதாரண ஆக்சிலே வைத்தார்கள்). அதனால் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் ஒரே வகை.

அளவு 145/80 ஆர்13. நைலானைவிடக் கொஞ்சம் குள்ளம், மீட்டர் 60 காட்டும்போது 58-தான் போவீர்கள், பரவாயில்லை. அகல டயர் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் ஹெரால்டு டிஸ்க் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) மூன்றரை அங்குல அகலம்தான், உங்களுடையதை டேப் வைத்து அளந்துவிட்டே கடைக்குப் போங்கள். வேனுக்கு வரும் எல்.டி. டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், இவ்வளவு லேசான வண்டிக்கு அது கட்டை மாதிரி. டியூப் கட்டாயம், அதுவும் ரேடியல் டியூப். பழைய டிஸ்க்கில் டியூப்லெஸ் வேண்டாம்.

அப்புறம் காற்று. ரேடியல் சுவர் பிதுங்கி நிற்பதே இயல்பு, அதைப் பார்த்துக் கடைப் பையன் ‘காத்து கம்மி சார்’ என்று நாலுக்கும் 32 அடித்துவிடுவான். ஹெரால்டுக்கு முன்னால் கம்மி, பின்னால் அதிகம். ஓனர் புத்தகத்தில் இருப்பதைவிட இரண்டு மூன்று பவுண்டு கூட்டிக்கொள்ளலாம், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: என் பத்மினி டயர் 3,000 கி.மீ.கூட ஓடவில்லை, பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) புதுசு மாதிரி இருக்கிறது. சுவரில் மட்டும் மெல்லிய விரிசல். மாற்றணுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மாற்றணும். ரப்பருக்கு ஓட்டம் மட்டும் கணக்கில்லை, வயசும் உண்டு. சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கச் சுவரில் இருக்கும், டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுத்துத்தான் பார்க்கணும்.