100/90 பல்ப் வாங்கும் முன் ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள்

கேள்வி: "பைக் ஹெட்லைட் ராத்திரி ஹைவேயில் போதவில்லை. 100/90 வாட் பல்ப் போடலாமா, இல்லை எல்இடி போடலாமா?"

இரண்டுக்கும் இப்போதைக்குக் காசு செலவழிக்காதீர்கள். வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி பெயர் சொல்லவில்லை. 100/90 (ஹை பீம் 100, லோ பீம் 90 வாட்) கேட்பதால், எல்இடி ஹெட்லைட் வருவதற்கு முந்தைய கிளாசிக் 350 மாதிரி 60/55 வாட் எச்4 பல்ப் (ஹை, லோ இரண்டு இழையும் ஒன்றிலேயே உள்ள ஹாலஜன் பல்ப்) உள்ள வண்டி என்று வைத்துக்கொள்கிறேன். 35/35 வாட் வண்டியாக இருந்தால் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். எச்4 பல்புக்குச் சொல்லப்படும் ஹை பீம் 1650, லோ பீம் 1000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்ற கணக்கே 13.2 வோல்ட்டில் எடுத்தது. உங்கள் ஹோல்டரில் 11.8 தான் வருகிறது என்றால் அந்த 1000 லூமன் 700-க்கும் கீழே இறங்கிவிடும். பல்ப் மேல் பழி போட்டுப் பயனில்லை. பேட்டரியில் கிளம்பும் கரண்ட் சாவி ஸ்விட்ச், டிப் ஸ்விட்ச், நடுவில் நாலைந்து கனெக்டர், மெல்லிய வயர் எல்லாவற்றையும் தாண்டித்தான் பல்புக்கு வருகிறது. போகிற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது.

அளப்பது சுலபம். எஞ்சினை 3000 ஆர்பிஎம் அளவில் ஓட விட்டு பேட்டரி முனைகளில் பாருங்கள், 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ரெகுலேட்டர், காயில், பேட்டரி இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது சரி என்றால், பல்ப் எரியும்போதே ஹோல்டரின் பின்பக்கம் அளக்கவும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் லோடு இல்லாததால் நல்ல வோல்ட் காட்டி ஏமாற்றும். இரண்டு அளவுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே (பழைய வயரில் வரும் சின்னக் கரண்டால் இயங்கி, பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) போட வேண்டிய வண்டி. எர்த் பக்கத்தையும் விடாதீர்கள்: பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் ஹோல்டர் எர்த் தகட்டுக்கும் நடுவே அளங்கள். துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்டே அரை வோல்ட் தின்னும்.

தேவையானவை: 12 வோல்ட் 30 ஆம்பியர் நாலு கால் ரிலே இரண்டு, ஹோல்டரோடு 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், எச்4 செராமிக் ஹோல்டர், மெயின் லைனுக்கும் எர்த்துக்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், ரிலேயிலிருந்து பல்புக்கு 1.5. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக இரண்டு ரிலேயின் 30 என்ற காலுக்கும் லைன் (கால் எண்கள் ரிலேயிலேயே பொறித்திருக்கும்). ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பழைய ஹோல்டருக்கு வந்த லோ வயர் ஒரு ரிலேயின் 86-க்கு, ஹை வயர் இன்னொன்றின் 86-க்கு. இரண்டின் 85-ம் எர்த். 87-லிருந்து புது ஹோல்டரின் லோ, ஹை தகடுகளுக்கு. எது லோ, எது ஹை என்பதை வயர் நிறத்தை நம்பி முடிவு செய்யாமல் மீட்டரில் பார்த்துவிடுங்கள். புது ஹோல்டரின் எர்த்தை பேட்டரி நெகட்டிவுக்கே நேராகக் கொண்டுபோங்கள்.

கடையில் ஐந்து கால் ரிலே கொடுத்தால் நடுவில் உள்ள 87ஏ-வில் எதையும் மாட்டக் கூடாது. மாட்டினால் சாவி எடுத்த பிறகும் லைட் எரிந்து, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி பொருத்தினால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்காது. இணைப்பெல்லாம் கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட்டதாக இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்கும் வேலைக்கு அடுத்த மழைக்காலம் வரைதான் ஆயுள்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் அதே 60/55 வாட்டில் ஒஸ்ராம் நைட் பிரேக்கர், பிலிப்ஸ் எக்ஸ்ட்ரீம் விஷன் வகை பல்ப் போடலாம். ஆயுள் குறைவு. 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டி என்றால் பகலிலும் லைட் எரிவதால் இன்னும் சீக்கிரம் போகும். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள்; தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தத் துணியால் துடைத்துவிடுங்கள். நீலப் பூச்சு பல்ப் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுப்பதற்குத்தான் காசு வாங்குகிறது.

100/90 ஏன் வேண்டாம்? ஹை பீமில் 5 ஆம்பியர் இழுத்த இடத்தில் 8-க்கு மேல் இழுக்கும். ரிலே இல்லாமல் போட்டால் முதலில் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பிறகு டிப் ஸ்விட்ச் கருகும், ரிஃப்ளெக்டர் பழுக்கும். சாலையில் ஓட்ட அனுமதியும் கிடையாது.

எல்இடி பற்றிச் சொன்னால் "என் வண்டியில் வருஷக்கணக்காக ஓடுகிறது" என்று கமெண்ட் வரும், தெரியும். ஓடும், எதிரில் வருகிறவரைக் கேட்டால்தான் மீதி தெரியும். எச்4 லோ பீம் இழைக்குக் கீழே சின்னத் தகரக் கிண்ணம் ஒன்று உண்டு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு ஒளி போகாமல் மறைத்து, மேலே வெட்டுக்கோடு (அதற்கு மேல் ஒளி போகாத எல்லை) போடுவது அதுதான். எல்இடி சிப் அந்த இழை இருந்த இடத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார வேண்டும். மலிவான பல்பில் சிப்புகளைத் தாங்கும் நடுத்தகடு தடிமனாக இருப்பதால் வெட்டுக்கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். போட்டே ஆக வேண்டும் என்றால் சிப்புகள் இடமும் வலமும் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள், மெல்லிய தகடு உள்ளதாகப் பாருங்கள். 6000 கெல்வின் (ஒளியின் நிற அளவு; எண் குறைந்தால் மஞ்சள் கூடும்) வெள்ளையில் ஈரத் தார்ச்சாலை கறுப்பாகவே தெரியும். 4300 பக்கம் நல்லது. வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த முழு ஹெட்லைட் வாங்கினால் வெட்டுக்கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பாருங்கள். நமக்கு இடப்பக்கம் ஏறலாம். வலப்பக்கம் ஏறினால் நேராக எதிர்வண்டிக்காரர் கண்ணுக்குள் போகும்.

35/35 வண்டிக்காரர்களுக்கு: எச்4-ஐத் தேய்த்துத் திணிக்காதீர்கள். கரண்டும் சூடும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் லைட் கூடி, விட்டால் மங்கும் பழைய வண்டி என்றால் அது பெரும்பாலும் ஏசி லைன், அதாவது பேட்டரி வழியே வராமல் எஞ்சினின் லைட்டிங் காயிலிலிருந்தே லைட்டுக்குக் கரண்ட் வருகிறது. அதில் மேலே சொன்ன ரிலே கிட் போட்டால் ரிலே படபடவென்று அடிக்கும். லைட்டை அப்படியே பேட்டரிக்கு மாற்றினாலும் சார்ஜ் போதாமல் பேட்டரி செத்துவிடும். லைட்டிங் காயிலின் எர்த் முனையைப் பிரித்து வெளியே எடுத்து காயிலின் முழு ஏசியையும் டிசியாக்கும் ஃபுல் வேவ் ரெகுலேட்டர் போட்ட பிறகுதான் லைட்டை டிசிக்கு, அதாவது பேட்டரிக்கு, மாற்றலாம்.

இவ்வளவும் செய்தாலும் வெள்ளைக் கோடு அடிக்காத வேகத்தடை தெரியப் போவதில்லை. ஊருக்கு ஊர் தார் காய்வதற்குள் வேகத்தடை வந்துவிடுகிறது, பெயிண்ட் மட்டும் வருவதே இல்லை. அதற்கு எந்த வாட்டும் பதில் இல்லை.

கடைசியாக லைட்டின் உயரம். காற்றுச் சரி பார்த்து, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை ஸ்டாண்ட் எடுத்து நிமிர்த்தி, நீங்கள் உட்கார்ந்தபடி பாருங்கள். லோ பீமின் மேல் விளிம்பு ஹெட்லைட் நடுமட்டத்தைவிட 10 செ.மீ. தாழ இருக்கட்டும். பின்னால் எப்போதும் ஆள் ஏறுவார் என்றால் அவரையும் ஏற்றிக்கொண்டே வையுங்கள்; பின்பக்கம் அமுங்கினால் லைட் தூக்கிக்கொள்ளும்.