ஆறும் ரெண்டும்

கேள்வி: அமெரிக்க போக்கர் ஆட்டக்காரர் டான் ஹாரிங்டன் மாதிரி, நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஆடினால் நஷ்டமே வராதல்லவா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: 'நல்ல சீட்டு வந்தால் மட்டும்' என்ற இடத்திலேயே சறுக்கிவிட்டீர்கள்.

ஹாரிங்டன் வந்த சீட்டில் பெரும்பாலானதைக் கவிழ்த்துப் போடுகிறவர்தான், நம்மூர் ரம்மியில் ஸ்கூட் விடுவது போல. அவருக்குப் போய் 'ஆக்‌ஷன் டான்' என்று பட்டப்பெயர்! ஒல்லிப்பிச்சானை குண்டு என்று கூப்பிடுகிற அதே குசும்பு. 1995ல் லாஸ் வேகஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டியில் 273 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டி உட்கார்ந்தார்கள். 10 லட்சம் டாலரோடு எழுந்தவர் இவர். 2003ல் 839 பேரில் மூன்றாவது, மறு வருடம் 2,576 பேரில் நான்காவது.

அந்த 2004 கடைசி மேசையில் ஓர் ஆட்டம். ஜாஷ் ஏரியே ராஜாவும் ஒன்பதும் வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றுகிறார். கிரெக் ரேமர் ஆஸும் ரெண்டும் வைத்துக்கொண்டு அதே தொகையைக் கட்டிக் கூடவே வருகிறார். ஹாரிங்டன் கையில் ஆறும் ரெண்டும். சுத்தக் குப்பை. மனிதர் அசராமல் பல மடங்கு ஏற்றினார். இரண்டு பேரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். இந்த ஆள் பெரிய ஜோடி இல்லாமல் கை வைக்கமாட்டாரே! அவ்வளவு நாள் கவிழ்த்த சீட்டெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குச் சேர்த்த பெயர்.

சும்மா காத்திருக்கவும் காசு வேண்டும். ஆடாவிட்டாலும் சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயம் கையிலிருக்கும் சிப்ஸை, அதாவது பந்தய வில்லைகளை, கரைக்கும். இன்னும் எத்தனை சுற்று தாங்கும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். இருபதுக்கு மேல் என்றால் நிதானம். ஐந்துக்குக் கீழே போனால், சுமாரான சீட்டுக்கே மொத்தத்தையும் நடுவில் தள்ளச் சொல்வார். நீங்கள் நினைக்கிற நிதானத்தில் இந்தப் பாதியைக் காணோம்.

இன்னொன்று. அவர் சட்டம் படித்த வழக்கறிஞர், 1971ல் மாசசூசெட்ஸ் மாநிலச் சதுரங்கச் சாம்பியன், பிற்பாடு கடன் கொடுக்கும் தொழிலும் நடத்தியவர். அடுத்த மாத வாடகையை மேசையில் வைத்துக்கொண்டு அவர் சீட்டைக் கவிழ்க்கவில்லை. உங்களுக்கு எத்தனை சுற்று தாங்கும்? அதை எழுதவே இல்லையே.

பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் ஹாரிங்டன் பாணியில் செய்திருக்கிறீர்கள்.