சின்னத் தோட்டத்து ஒயின்: குமுளியிலிருந்து சில பதில்கள்

நாசிக் பக்கம் ஓர் ஒயின் ஆலையில் ஏழு வருஷம் தொட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போது குமுளியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறேன். குடும்பமாக ஒயின் செய்கிறவர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கம்பத்திலிருந்து: அக்கா, பெரிய கம்பெனி ஒயின் விலையும் குறைவு, எப்போதும் ஒரே ருசி. சின்ன ஆளிடம் ஏன் வாங்கணும்?

ஒரே ருசிதான் வேண்டுமென்றால் அங்கேயே வாங்குங்கள், தப்பில்லை. பல தோட்டத்துப் பழத்தைக் கலந்து சமன் பண்ணுவதும் கெட்டிக்காரத்தனம்தான். குடும்பத் தோட்டத்தில் கொடியைக் கவாத்து பண்ணின கையே தொட்டியையும் பார்க்கும். மழை பொய்த்த வருஷம் பாட்டிலில் தெரியும். எனக்கு அது பிடிக்கும். அதற்காகச் சின்னதெல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். தொட்டியை ஒழுங்காகக் கழுவாத வீட்டில் காடி மாதிரி ஒன்றைக் குடித்துவிட்டு, மரியாதைக்குத் தலையாட்டியவள் நான்.

வண்டிப்பெரியாறிலிருந்து: சொந்தத் தோட்டத்து ஒயினா என்று லேபிளைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஷாம்பெயினில் முடியும். லேபிள் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.' என்றிருந்தால், தன் தோட்டத்துப் பழத்தில் தானே செய்தவர். 'என்.எம்.' என்றால் வெளியிலும் பழம் வாங்கிச் செய்கிற நிறுவனம்.

மூணாறிலிருந்து: சின்ன ஆலைகள் ஏன் தேறுவதில்லை? செய்யத் தெரியாமலா?

செய்யத் தெரியும். விற்க வழி கிடைப்பதில்லை. போர்ச்சுகலின் டோரோ ஆற்று மலைச்சரிவுகளில் போர்ட் ஒயினுக்கான திராட்சை விளைகிறது. ஆனால் 1986 வரை ஏற்றுமதி முழுக்க, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற வில நோவ த கையா என்ற ஊர் வழியாகத்தான். அங்கே கிடங்கு வைக்க மலைக்காரனுக்கு ஏது வசதி? ஒயினைப் பெரிய ஏற்றுமதிக்காரர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் பேர் தெரியாமல் இருந்தான். அந்த வருஷம் விதி மாறியது. தோட்டத்திலிருந்தே அனுப்பலாம் என்றானதும் பல குடும்பங்கள் சொந்தப் பேரில் பாட்டில் போட ஆரம்பித்தன. மண்ணும் கொடியும் அதேதான், மாறியது விற்கும் வழி.

நம் பக்கம் பாருங்கள்: மலைக்குக் கீழே டாஸ்மாக், மேலே கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோ. வருஷத்துக்கு 2,000 பாட்டில் செய்கிறவர் அந்த அலமாரியில் எப்படி ஏறுவார்? ஒருமுறை தெரிந்த குடும்பத்து ஒயினை ஒரு விடுதிக்கு எடுத்துப் போனேன். மேலாளர் கிளாஸை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாசம் எத்தனை பெட்டி தருவாங்க மேடம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கூடலூரிலிருந்து: ரெண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கு. விலை விழும்போது ஒயினுக்குக் கொடுக்கலாமா அக்கா?

கொடுக்கலாம், ஆனால் சந்தையில் கழித்துப் போட்டதைக் கொடுக்காதீர்கள். நம் பன்னீர், வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்கிறார்களே, அதுதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வாசனை தூக்கலாக இருக்கும், துவர்ப்பு குறைவு. அதனால் அடர்த்தியான சிவப்பு ஒயின் எதிர்பார்க்க வேண்டாம். வெளிர் சிவப்பு, லேசான இனிப்பு, இதற்குத்தான் சரிப்படும். பறிக்கும் முன்னால் விதையைக் கடித்துப் பாருங்கள். பச்சையாக இருந்து கசந்தால் இன்னும் ஆகவில்லை. பழுப்பாகி மொறுக்கென்று உடைந்தால் சரி. சந்தைக்காரர் பழத்தின் நிறத்தைப் பார்ப்பார், ஒயின்காரர் விதையையும் பார்ப்பார். கிலோவுக்கு 600, 700 மில்லி ஒயின் வரும். அதை வைத்து விலை பேசுங்கள்.

குமுளியிலிருந்து: கிறிஸ்துமஸுக்கு அம்மா பரணி ஜாடியில் போடும் ஒயினை விற்கலாமா?

கூடவே கூடாது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் போடுவதே குற்றம் என்று 2019 டிசம்பரில் கேரள எக்சைஸ் எச்சரித்தது, ஞாபகம் இருக்கா? 2022-இல் பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்குத் தனி விதிகள் வந்திருக்கின்றன. அம்மாவின் கைப்பக்குவம் நிஜமாகவே நன்றாக இருந்தால் எக்சைஸ் அலுவலகத்தில் கேட்டு அந்த வழியில் போங்கள்.

அதே ஊர், இன்னொருவர்: பெங்களூர் போறேன். எதைக் கேட்டு வாங்க?

ஹம்பி பக்கம் ஒரு தம்பதி தங்கள் தோட்டத்துப் பழத்தில் செய்கிற கிருஸ்மா என்ற ஒயின். வசதியான குடும்பம்தான், ஏழை விவசாயி என்று உருக வேண்டாம். ஆனால் சொந்தப் பழம். அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் மதுச் சட்டம் வேறு. குமுளி செக்போஸ்டில் பாட்டிலோடு நின்றுகொண்டு எனக்கு போன் பண்ணாதீர்கள்.